தேருநர் இடாப்பும் தோட்டத்து வாக்கும்

தேர்தலைப் பற்றி எழுதுவோர் வென்றவர் யார், தோற்றவர் யார், வாக்கு வித்தியாசம் எவ்வளவு என்பனவற்றோடு பெரும்பாலும் நிறுத்திக்கொள்கின்றனர். வாக்குச் சாவடியின் கதவு திறக்கப்படுவதற்குப் பல மாதங்களுக்கு முன்னரே, கச்சேரியின் ஓர் அறையிலே தேருநர் இடாப்பு எழுதப்படும்பொழுது, தேர்தலின் ஒரு பெரும்பகுதி முடிந்துவிடுகின்றது. எவருடைய பெயர் இடாப்பில் ஏறும், எவருடைய பெயர் ஏறாது என்பதைத் தீர்மானிக்கும் விதியே எல்லா வேட்பாளரிலும் வலிய வேட்பாளன் எனலாம். மலைநாட்டுத் தமிழ்த் தொழிலாளியின் அரசியல் வரலாறு இந்த விதியின் வரலாறேயாகும்.

இவ்விடயத்தை இன்று மீண்டும் எடுத்து ஆராய்வதற்குக் காரணமுண்டு. நம் மத்தியில் 'நடுநிலை வாக்காளர்' என்று தம்மைக் கூறிக்கொள்வோர் பலர். ஆசிரியர், எழுதுவினைஞர், சிறு வியாபாரிகள் ஆகியோருள் இவர்கள் கணிசமானோர். எந்தக் கட்சிக்கும் தம்மை எழுதிக் கொடுக்காதவர்கள். மேடை ஆரவாரத்தை விரும்பாதவர்கள். தேர்தல் உரிய காலத்தில், விதிப்படி, அமைதியாக நடைபெறவேண்டும் என்பதே அவர்களின் கோரிக்கை. அத்தகைய நண்பர் ஒருவர் ஆசிரியர் ஓய்வறையில் அண்மையில் எழுப்பிய வினா இது: "வாக்களிப்பதற்கு ஒரு தகுதி வேண்டாமா, சேர்? அந்தத் தகுதியை நிரூபி என்று கேட்பதில் என்ன பிழை? விதி எல்லோருக்கும் பொதுதானே?"

இவ்வினாவை எள்ளி நகையாடி ஒதுக்கிவிடுதல் எளிது. ஆயின், 1948ஆம் ஆண்டிலும் 1949ஆம் ஆண்டிலும் பத்து இலட்சத்துக்குச் சற்றுக் குறைந்த மக்களின் வாக்குரிமை பறிக்கப்பட்டபோது, நாட்டின் படித்த வர்க்கத்தாரைப் பேசாதிருக்கச் செய்தது இவ்வினாவேயாகும். இனவெறியர் கூச்சலிட்டதனால் மட்டும் அச்சட்டங்கள் நிறைவேறிவிடவில்லை; அவற்றின் வாசகங்கள் நியாயமுள்ளவை போலத் தோன்றியமையும் அதற்கு உதவியது. ஆதலால் இவ்வினாவுக்கு வரலாற்றிலிருந்தே விடை கூறவேண்டியுள்ளது. அதற்கு மாத்தளை மாவட்டம் தக்க களமாகும். நுவரெலியாவைப் பற்றிப் பேசினால், 'அங்கே தோட்டத்து மக்கள் பெரும்பான்மையினராகிவிடுவர் என்ற அச்சம் இருந்தது' என்று ஒரு சமாதானம் கூறப்படும். மாத்தளையில் அந்த அச்சத்துக்கு இடமேயில்லை. இங்கே தோட்டத் தொழிலாளர் என்றும் சிறுபான்மையினரே. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி மாவட்டத்தின் மக்கள் ஏறத்தாழ 4 இலட்சத்து 84 ஆயிரம் பேர். அவர்களுள் இந்திய வம்சாவளித் தமிழர் எனப் பதியப்பட்டோர் நூற்றுக்கு ஐவர் அளவினரே.

நிரூபி என்று கேட்கும் விதி மாத்தளை மண்ணில் முதன்முதலாகத் தமிழ்த் தொழிலாளியின் தலைமீது விழவில்லை என்பது பலர் அறியாத செய்தி. அது விழுந்தது சிங்களக் குடியானவனின் தலைமீதே. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய காணிச் சட்டம், காடுகளும் தரிசு நிலங்களும், மாறாக நிரூபிக்கப்படும்வரை, முடிக்கு உரியனவே எனக் கொண்டது. கண்டிப் பிரதேசத்தில் சேனைப் பயிர் செய்துவந்தவன் தன் உரிமையைக் காட்டவேண்டுமாயின் அரசன் வழங்கிய சன்னசோ வேறு உறுதியோ காட்டவேண்டும்; அன்றேல் வரி செலுத்தி வந்தமைக்குச் சான்று காட்டவேண்டும். தலைமுறை தலைமுறையாகக் காட்டை வெட்டி எரித்துக் குரக்கன் விதைத்தவனிடம் ஓலையுமில்லை, தாளுமில்லை. வழக்கமே அவனது உறுதி. சட்டம் வழக்கத்தைச் சான்றாக ஏற்கவில்லை. அவ்வாறு முடிக்குச் சேர்ந்த காடுகள் கோப்பித் துரைமாருக்கு விற்கப்பட்டன. தேசாதிபதியும் குடியேற்ற நாட்டு உத்தியோகத்தரும்கூட வாங்கியோர் வரிசையில் நின்றனர். அந்தச் சட்டமும் எல்லோருக்கும் பொதுவானதாகவே எழுதப்பட்டிருந்தது!

எட்டு ஆண்டுகளுக்குப் பின்னர், 1848ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், மாத்தளைக் கிளர்ச்சி வெடித்தது. புதிய வரிகளே அதன் உடனடிக் காரணம் எனினும், நிலத்தை இழந்தோரின் கோபமும் அதற்குள் இருந்தது. கொங்காலேகொட பண்டா தம்புள்ளையில் முடிசூட்டப்பட்டதும், புரன் அப்பு கண்டியிற் சுட்டுக் கொல்லப்பட்டதும் பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த கதைகள். அவற்றை விரிக்க வேண்டியதில்லை.

அக்காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கிய தென்னிந்தியக் கூலிமக்கள் வடக்குப் பாதை வழியாக நடந்து வந்தனர். அநுராதபுரத்துக் காடுகளைக் கடந்து, தம்புள்ளை, நாலந்தை ஆகிய இடங்களைத் தாண்டி, அவர்கள் மலைநாட்டிற் காலடி வைத்த முதல் ஊர் மாத்தளை. வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் பட்டினியாலும் வழியில் விழுந்தோர் தொகை யாருடைய இடாப்பிலும் ஒழுங்காக எழுதப்படவில்லை. எஞ்சியோர் கோப்பி நட்டனர். 1869ஆம் ஆண்டில் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தபின்னர், தேயிலையும் கொக்கோவும் றப்பரும் நட்டனர். 1880ஆம் ஆண்டில் மாத்தளைக்குப் புகையிரதம் வந்தது. எல்கடுவை, இரத்தோட்டை, உக்குவளைப் பகுதிகளில் லயங்கள் எழுந்தன. பிரட்டுக்களத்திலே ஒவ்வொரு நாள் விடியலிலும் அவர்களின் பெயர் வாசிக்கப்பட்டது. செக்றோல் புத்தகத்திலே பெயரும் அரைநாள் முழுநாள் கணக்கும் தவறாமல் எழுதப்பட்டன. உழைப்புக்கு ஒரு பதிவேடு இருந்தது. உரிமைக்கு ஒன்று வேண்டும் என்ற வினா எழ ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு சென்றது.

1931ஆம் ஆண்டிலே டொனமூர் அரசியற் திட்டத்தின்கீழ் இருபத்தொரு வயது நிரம்பிய ஆண் பெண் இருபாலார்க்கும் வாக்குரிமை கிடைத்தது. அதற்கு முன்னர் நாட்டு மக்களில் நூற்றுக்கு நால்வரே வாக்காளர். ஆசியாவிற் சர்வசன வாக்குரிமை முதலில் வந்த நாடு இதுவென்று இன்று நாம் பெருமை கொள்கின்றோம். அந்நாளைய தலைவர்களோ அதனைப் பெருமையாகக் கருதவில்லை. ஏ.ஈ. குணசிங்கா போன்ற தொழிற்சங்கவாதிகள் ஒருபுறமிருக்க, சிங்களத் தலைவர்களுட் பலரும், தமிழர் தரப்பிற் சேர். பொன்னம்பலம் இராமநாதனும் அதனை விரும்பவில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவன் கையில் வாக்கைக் கொடுப்பது எங்ஙனம் என்பதே அன்றைய 'நடுநிலை' வாதம். சர்வசன வாக்குரிமையைத் தடுக்க இயலாது என்று கண்டபின்னர், அதே அச்சம் தோட்டத்து மக்களின் மீது திரும்பியது.

டொனமூர் ஆணைக்குழுவினர் ஐந்தாண்டு வதிவு போதும் என்றே சிபாரிசு செய்தனர். சட்டநிரூபண சபையில் எழுந்த எதிர்ப்பைக் கண்ட தேசாதிபதி ஸ்ரான்லி அதற்கு ஒரு மாற்று வழி கண்டார். அதன்படி இந்தியத் தொழிலாளி வாக்காளனாவதற்கு மூன்று வாயில்கள் இருந்தன. இலங்கையையே நிலையான தாயகமாகக் கொண்டவன் என்று கருதப்படல் ஒன்று. எழுத்தறிவோடு குறித்த அளவு சொத்தோ வருமானமோ உடையவனாதல் மற்றொன்று. ஐந்தாண்டு வதிந்தமையைக் காட்டி, இங்கேயே குடியிருக்கும் எண்ணத்தை வெளியிட்டு, நிரந்தரக் குடியிருப்புச் சான்றிதழ் பெறல் மூன்றாவது. இரண்டாம் வாயில் தொழிலாளிக்குத் திறக்காது என்பது சொல்லாமலே விளங்கும். மூன்றாவது வாயிலில் நுழைய வேண்டுமாயின், இந்தியத் தொழிலாளிக்குச் சட்டம் அளித்திருந்த விசேட பாதுகாப்புகளை அவன் கைவிட வேண்டியிருந்தது. வாக்கா, பாதுகாப்பா என்று ஒரு பேரம்.

இருந்தும் அவர்கள் பதிந்தனர். 1931இல் ஏறத்தாழ ஒரு இலட்சமாயிருந்த இந்திய வாக்காளர் தொகை, 1936இல் 1 இலட்சத்து 45 ஆயிரமாகவும், 1939இல் 2 இலட்சத்து 25 ஆயிரமாகவும் உயர்ந்தது. கோ. நடேசய்யரும் அவர் துணைவியார் மீனாட்சியம்மையும் தோட்டந்தோட்டமாகச் சென்று ஊட்டிய விழிப்புணர்ச்சிக்கும் இதிற் பங்குண்டு. பின்னர் நிகழ்ந்ததைக் கவனித்தல் வேண்டும். தாயகம் பற்றிய சான்றுகளை ஆராயும் முறை 1940ஆம் ஆண்டின் பின்னர் கடுமையாக்கப்பட்டது; 1943இல் அத்தொகை 1 இலட்சத்து 68 ஆயிரமாகக் குறைந்தது. புதிதாகச் சட்டமொன்றும் வேண்டியிருக்கவில்லை. இருக்கும் விதியை எழுதுவினைஞன் எவ்வாறு வாசிக்கின்றான் என்பதிலேயே ஐம்பதினாயிரத்துக்கு மேற்பட்ட வாக்குகள் கரைந்தன. இதற்கு முன்னரே, 1937ஆம் ஆண்டில், கிராமச் சங்கத் தேர்தல்களிலிருந்து இந்தியத் தோட்டத் தொழிலாளர் விலக்கப்பட்டமையையும் இங்குச் சேர்த்து நோக்கவேண்டும். ஒரே பள்ளத்தாக்கில், ஒரே ஓடையில் நீர் மொண்ட கிராமத்தவனும் லயத்தவனும் ஒரே சங்கத்திற்கு வாக்களிக்க முடியாது போயிற்று. மாத்தளை போன்ற இடங்களில் கிராமமும் தோட்டமும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பவை. கீழே வயல், அதன் மேலே வீட்டுத்தோட்டம், அதற்கும் மேலே றப்பர் மலை. அத்தகைய இடத்தில் இந்தப் பிரிவினை எவ்வளவு கேடு செய்திருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் மலைநாட்டுத் தொகுதிகளிலிருந்து ஏழு இந்திய வம்சாவளித் தமிழர் பாராளுமன்றம் சென்றனர். நுவரெலியாவிலிருந்து சௌ. தொண்டமான், தலவாக்கலையிலிருந்து கவிஞர் சி.வி. வேலுப்பிள்ளை, நாவலப்பிட்டியிலிருந்து கே. இராஜலிங்கம் ஆகியோர் அவர்களுட் சிலர். மாத்தளைப் பகுதியின் தொகுதி எதுவும் இவ்வேழில் அடங்காது. இங்கே தோட்டத்து வாக்கின் பயன் வேறு வகைப்பட்டது. தன் இனத்தவனை அனுப்பமுடியாத சிறுபான்மை வாக்காளன், தனக்குக் கூலியும் காணியும் பேசும் பிற இனத்தவனுக்கு வாக்களிக்கலாம். ஆளும் வர்க்கத்தினரைக் கலங்கச் செய்தது இதுவே என்பது எனது கருத்து. அத்தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சிக்குக் கிடைத்தவை 95 ஆசனங்களுள் 42 மட்டுமே. இடதுசாரிக் கட்சிகள் மூன்றும் 18 ஆசனங்களைப் பெற்றன. பல சிங்களத் தொகுதிகளில் இடதுசாரி வேட்பாளர்க்குத் தோட்டத்து வாக்கு துணை நின்றது. ஏழு தமிழ் உறுப்பினரை டி.எஸ். சேனநாயக்காவின் அரசு சகித்துக்கொண்டிருக்கலாம். சிங்களக் குடியானவனும் தமிழ்த் தொழிலாளியும் ஒரே சின்னத்துக்குப் புள்ளடி இடுவதைச் சகிக்க முடியவில்லை.

இனி அச்சட்டங்களின் வாசகத்துக்கு வருவோம். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் எந்த இனத்தின் பெயரையும் குறிப்பிடவில்லை. 1948 நவம்பர் 15ஆம் தேதிக்கு முன்னர் இலங்கையிற் பிறந்த ஒருவர் வம்சாவளிப் பிரசையாவதற்கு, அவருடைய தந்தை இலங்கையிற் பிறந்திருத்தல் வேண்டும். அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்குப் பிறந்திருத்தல் வேண்டும். அவ்வளவுதான். படிப்பவர்க்கு இதில் என்ன குற்றம் தென்படும்? ஆயின், பாட்டனின் பிறப்புச் சான்றிதழைக் காட்டக்கூடியவர் அன்று இந்நாட்டில் எத்தனை பேர்? லக்கலைக் காட்டோரத்துச் சிங்களக் கிராமத்தவனிடம் கேட்டிருந்தாலும் அவனிடமும் அது இருந்திராது. அவனிடம் எவரும் கேட்கவில்லை என்பதே வேறுபாடு. விதி இருவர்க்கும் பொது. வினா ஒருவனிடம் மாத்திரமே.

அச்சட்டத்தில் இன்னொரு நுட்பமும் உண்டு. தாய்வழி அதற்குக் கணக்கில்லை. தோட்டத் தொழிலின் பாரத்தைப் பெரிதும் சுமப்பவள் பெண். கொழுந்து பறிப்பவள் அவள். அந்த லயத்திலேயே பிறந்து, அந்த லயத்திலேயே பிள்ளை பெற்றவள் அவள். அவளுடைய பிறப்பு அவளுடைய பிள்ளைக்கு எவ்வுரிமையையும் தரவில்லை. 1931இல் அவளுக்கு வாக்களித்த நாடு, பதினேழு ஆண்டுகளுக்குப் பின்னர், அவளைச் சாட்சியாகக்கூட ஏற்க மறுத்துவிட்டது. தாய்வழியாகவும் பிரசாவுரிமை செல்லலாம் என்று சட்டம் திருத்தப்பட்டது 2003ஆம் ஆண்டிலேயே.

அடுத்து வந்தது 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டம். மணமானவர்க்கு ஏழாண்டு, மணமாகாதவர்க்குப் பத்தாண்டு இடைவிடாத வதிவு, போதிய வருமானம், இரண்டாண்டுக்குள் விண்ணப்பம். தாயின் மரணத்துக்கோ, தங்கையின் கலியாணத்துக்கோ திருச்சிக்கும் புதுக்கோட்டைக்கும் போய், பணமில்லாமலோ நோய்வாய்ப்பட்டோ ஓராண்டுக்கு மேல் தங்கிவிட்டவனுக்கு 'இடைவிடாத வதிவு' அறுந்துபோயிற்று. அதே ஆண்டின் 48ஆம் இலக்கத் தேர்தற் திருத்தச் சட்டம் பிரசையல்லாதவர் பெயரைத் தேருநர் இடாப்பிலிருந்து நீக்கியது. மூன்று சட்டங்களையும் சேர்த்து வாசித்தால்தான் பொறியின் அமைப்பு விளங்கும். தனித்தனியே வாசிக்கும் நடுநிலையாளருக்கு ஒவ்வொன்றும் நிர்வாக ஒழுங்காகவே தோன்றும். ஏறத்தாழ 2 இலட்சத்து 37 ஆயிரம் விண்ணப்பங்கள், எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் சார்பில், கொடுக்கப்பட்டன. ஆண்டுகள் பல சென்று பரிசீலனை முடிந்தபோது பிரசாவுரிமை பெற்றோர் 1 இலட்சத்து 34 ஆயிரம் பேர் அளவினரே.

உலக வரலாற்றில் இதற்கு ஒரு முன்மாதிரி உண்டு. அமெரிக்காவின் லூசியானா மாநிலம் 1898ஆம் ஆண்டில் வாக்காளருக்கு எழுத்தறிவுச் சோதனையும் சொத்துத் தகுதியும் விதித்தது. 1867ஆம் ஆண்டு ஜனவரி 1ஆம் தேதிக்கு முன்னர் வாக்குரிமை பெற்றிருந்தோர்க்கும் அவர்தம் மகன், பேரன்மார்க்கும் அவற்றிலிருந்து விலக்களித்தது. அந்நாளில் கறுப்பு மக்களுக்கு அங்கு வாக்குரிமை இருக்கவில்லை. விதியில் 'கறுப்பர்' என்ற சொல்லே இல்லை. பாட்டன் என்ற சொல்லே போதுமாயிருந்தது. 1896இல் ஒரு இலட்சத்து 30 ஆயிரமாயிருந்த கறுப்பு வாக்காளர், 1900இல் ஐயாயிரத்துச் சொச்சமாயினர். இத்தகைய பாட்டன் விதியை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1915ஆம் ஆண்டில், ஒக்லஹோமா மாநிலத்து வழக்கொன்றில், செல்லாதென்றது.

நமது நீதிமன்றங்களோ வேறு வழி சென்றன. கேகாலை மாவட்டத்தில் ருவான்வெல்லைத் தொகுதி இடாப்பிலே தன் பெயரைச் சேர்க்கும்படி கோடாக்கன் பிள்ளை என்பவர் விண்ணப்பித்தார். இடாப்பு மீளாய்வு அதிகாரியாயிருந்த சிவஞானசுந்தரம், இச்சட்டங்கள் சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவுக்கு முரணானவை என்று துணிந்து தீர்ப்பளித்தார். ஒரு சமூகத்தவர் மீது மற்றைய சமூகத்தவர்க்கு இல்லாத தடையை விதிக்கும் சட்டத்தைப் பாராளுமன்றம் இயற்றலாகாது என்பது அப்பிரிவின் சாரம். அவர் தீர்ப்பை உயர் நீதிமன்றம் 1951இல் தள்ளியது. இலண்டன் கோமறைக் கழகம் 1953இல் அத்தள்ளுபடியை உறுதி செய்தது. சட்டத்தின் வாசகத்தில் எந்தச் சமூகத்தின் பெயரும் இல்லை, ஒரு நாடு தன் பிரசைகள் யார் என்று வகுத்தல் இயல்பே என்பன அத்தீர்ப்புகளின் அடிப்படை. ஓய்வறையில் என் நண்பர் கேட்ட அதே வினாவை, இன்னும் கண்ணியமான மொழியில், கோமறைக் கழகப் பிரபுக்களும் கேட்டனர். இதற்கிடையே 1952 ஏப்ரலில் பிரதமர் காரியாலயத்தின் முன் தொடங்கிய சத்தியாக்கிரகம் மாதக்கணக்கில் நீடித்தது. அவ்வாண்டுத் தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சி 54 ஆசனங்களுடன் மீண்டது.

இனிக் கூறப்போவது பலருடைய கவனத்துக்கு எட்டாத செய்தி. தொகுதிகளை வகுக்கும்போது கணக்கெடுக்கப்பட்டது வாக்காளர் தொகையன்று, மக்கள் தொகையே. 75,000 மக்களுக்கு ஓர் ஆசனம் என்பது சோல்பரித் திட்டத்தின் அளவுகோல். நிலப்பரப்புக்கும் தனியே ஆசனங்கள் வழங்கப்பட்டன. வாக்கில்லாத தோட்டத் தொழிலாளியும் அந்த 75,000 பேரில் ஒருவனாக எண்ணப்பட்டான். 1959ஆம் ஆண்டு எல்லை நிர்ணயத்தின்போதும் அவ்வாறே. அவனுடைய தலையால் மலைநாட்டுக்கு ஆசனம் கூடியது. ஆசனத்தை நிரப்புவதற்கு அவன் கை கூடாதாம். அமெரிக்கத் தென்மாநிலங்களில் அடிமைகளை ஐந்தில் மூன்று பங்காக எண்ணி எசமானருக்குக் காங்கிரஸில் ஆசனம் பெருக்கிய பழைய விதியை இது நினைவூட்டும். அங்கே ஐந்தில் மூன்று. இங்கே முழுத் தலையும் எண்ணப்பட்டது!

இவ்வேற்பாட்டாற் கண்டிச் சிங்களக் குடியானவன் நன்மையடைந்தான் என்று கூறுவோருளர். அவனுடைய வாக்கின் எடை கூடியது உண்மை. ஆயின் அந்த எடையால் அவன் பெற்றது என்ன? 1840ஆம் ஆண்டுச் சட்டத்தாற் பறிபோன மேட்டு நிலம் அவனிடம் திரும்பிவரவில்லை. வேட்பாளர்கள் வளவுக்காரர்களாகவும் வழக்கறிஞர்களாகவுமே இருந்தனர். லயத்து வாசலில் வாக்குக் கேட்டு நிற்க வேண்டிய தேவை நீங்கியபின், தோட்டத்தின் நிலமும் கூலியும் மலைநாட்டுத் தேர்தல் மேடைகளிலிருந்து மெல்ல விலகின. மொழியும் மதமும் அவ்விடத்தை நிரப்பின. பத்திரமின்மையால் நிலமிழந்தவனின் பேரனும் பத்திரமின்மையால் வாக்கிழந்தவனும் அடுத்தடுத்து வாழ்ந்தும், ஒரே விதியால் அடிபட்டவர்கள் என்பதை ஒருவர்க்கொருவர் சொல்லிக்கொள்ள ஓர் அரசியல் மேடை இல்லாது போயிற்று.

நம் பக்கத்துக் கணக்கையும் ஒளிக்காமற் பார்க்க வேண்டும். 1948இல் இச்சட்டங்களைப் பாராளுமன்றத்தில் முழு மூச்சோடு எதிர்த்தோர் என்.எம். பெரேரா, கொல்வின் ஆர். டி சில்வா, பீற்றர் கெனமன் முதலாய இடதுசாரிகளே. அது அழியாப் புகழ். 1964 ஜூனில் லங்கா சமசமாசக் கட்சி சிறிமாவோ பண்டாரநாயக்காவின் அமைச்சரவையிற் சேர்ந்தது. அவ்வாண்டு அக்டோபர் 30ஆம் தேதி, சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்திடப்பட்டது. நாடற்றோர் 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு. எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேர் 1974இல் சரிபாதியாகப் பங்கிடப்பட்டனர். பங்கிடப்பட்டோரிடம் எவரும் கருத்துக் கேட்கவில்லை. இங்கே பிரசையாவோரைத் தனி இடாப்பிற் பதிதல் வேண்டும் என்ற யோசனைகூட அப்போது முன்வைக்கப்பட்டது. நல்ல காலமாக அது நடைமுறைக்கு வரவில்லை. கொல்வின் ஆர். டி சில்வாவின் கைவண்ணமாகிய 1972ஆம் ஆண்டுக் குடியரசு அரசியலமைப்பில் 29ஆம் பிரிவு இடம்பெறவில்லை. கூட்டணி அரசின் நெருக்கடிகள் இவை என்று விளக்கம் கூறலாம், கூறியுமிருக்கின்றனர். தலைமன்னார்த் துறைக்குச் சென்ற புகையிரதங்களில் அழுதுகொண்டு ஏறியோர்க்கு அவ்விளக்கம் எட்டியிராது.

பெயர்கள் மீண்டும் இடாப்பில் ஏறிய வரலாறு மெதுவானது. 1977இல் நுவரெலியா–மஸ்கெலியாத் தொகுதியில் தொண்டமான் வென்றார். பதிவுப் பிரசை, வம்சாவளிப் பிரசை என்ற வேறுபாட்டை 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பு நீக்கியது. 1986, 1988ஆம் ஆண்டுச் சட்டங்களும், இறுதியாக 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமும் எஞ்சியோரைப் பிரசைகளாக்கின. 1948க்கும் 2003க்குமிடையே ஐம்பத்தைந்து ஆண்டுகள். வாக்குரிமையை இழந்தோருட் பெரும்பாலோர் அது திரும்பி வந்ததைக் காணவில்லை.

1978க்குப் பின் வந்த விகிதாசாரத் தேர்தல் முறையில் மாத்தளை மாவட்டம் ஒரே தொகுதி, ஐந்து உறுப்பினர். முதலிடம் பெறும் கட்சிக்கு ஓர் ஆசனம் மேலதிகமாகப் போக, மீதி நான்கே பங்கிடப்படும். குறைந்தபட்ச வாக்குத் தகைமை முதலில் எட்டில் ஒன்றாக விதிக்கப்பட்டு, 1988இல் நூற்றுக்கு ஐந்தாகக் குறைக்கப்பட்டது. எவ்வாறாயினும், இங்குள்ள தமிழ் வாக்காளர் தனித்து நின்று ஓர் உறுப்பினரைப் பெறுதல் கணக்கால் இயலாதது. மூன்று விருப்பு வாக்குகளை அவர்கள் எவ்வாறு பயன்படுத்துகின்றனர் என்பதிலேயே அவர்களின் பேரம்பேசும் வலிமை தங்கியுள்ளது. விருப்பு வாக்கு முறை ஊழலை வளர்க்கின்றது, ஒரே கட்சிக்காரரை ஒருவரோடொருவர் மோதவிடுகின்றது என்று நடுநிலை வாக்காளர் குறைகூறுவது சரியே. அதனை ஒழித்துத் தொகுதி முறைக்கு மீள்க என்று அவர் கூறும்போது, மாத்தளைத் தோட்டத்து வாக்காளன் யாருடைய வாசலிற் போய் நிற்பான் என்பதற்கும் விடை கூறவேண்டும். அவ்விடையின்றி முறை மாற்றம் பேசுவோர் பலரை நான் கண்டிருக்கின்றேன்.

தேர்தல் உரிய காலத்தில் நடைபெறவேண்டும் என்ற அவருடைய கோரிக்கையோ முழு மனத்தோடு ஏற்கத்தக்கது. 1982 டிசம்பர் 22ஆம் தேதி, பொதுத் தேர்தலை நடத்தாது, விளக்கா குடமா என்று ஒரு சர்வசன வாக்கெடுப்பு நடத்தி, இருந்த பாராளுமன்றத்தின் ஆயுள் ஆறாண்டு நீட்டப்பட்டது. மத்திய மாகாண சபையின் பதவிக்காலம் 2018இல் முடிந்தது. 2017ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தின் எல்லை நிர்ணயச் சிக்கலைக் காரணமாகக் காட்டி அதற்குரிய தேர்தல் ஆண்டுக்கணக்கிற் தள்ளிப்போயிற்று. 2023 மார்ச்சில் நடந்திருக்கவேண்டிய உள்ளூராட்சித் தேர்தல் பணமில்லை என்று நிறுத்தப்பட்டது. அது வாக்காளரின் அடிப்படை உரிமையை மீறிய செயல் என்று 2024 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இடாப்பிற் பெயரிருந்தும் வாக்களிக்க நாள் குறிக்கப்படாதபோது, நடுநிலை வாக்காளரும் சிறிது காலத்துக்கேனும் நாடற்றவர் போன்றவரே. அக்காலத்தில் என் நண்பர் கொண்ட கோபம் நியாயமானது. அதே கோபத்தை அவர் 1949க்கும் நீட்டிப் பார்க்கலாம்.

உள்ளூராட்சியைப் பற்றி இன்னும் ஒரு செய்தி எஞ்சியுள்ளது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டம், தோட்ட எல்லைக்குள் சபையின் பணத்தைச் செலவிட இடம் தரவில்லை. இரத்தோட்டையிலும் உக்குவளையிலும் அம்பன்கங்கை கோறளையிலும் தோட்டத்து மக்கள் பிரதேச சபைக்கு வாக்களித்தனர். வேட்பாளர் லயத்துக்கு வந்து கைகூப்பினர். வென்ற உறுப்பினர் லயத்துப் பாதைக்கு ஒரு கூடை கல் போட நினைத்தாலும் சட்டம் குறுக்கே நின்றது. கம்பனி நிலம் தனியார் நிலம் என்பது காரணம். இத்தடை 2018ஆம் ஆண்டில் ஒரு திருத்தச் சட்டத்தால் நீக்கப்பட்டது. அவ்வாண்டு பெப்ரவரியிலேயே உள்ளூராட்சித் தேர்தல் நடந்து முடிந்திருந்தது. அடுத்தது 2025 மே 6ஆம் தேதிதான் நடைபெற்றது. தம் வாசலுக்கு விளக்கும் வழியும் போடக்கூடிய சபையொன்றை மாத்தளைத் தோட்டத்து மக்கள் தேர்ந்தெடுக்கச் சென்ற முதல் நாள் அதுவே.